சம்பளத்தோடு லீவு, ஆற்றங்கரையில் கூடாரம்!

பிரெஞ்சுத் தொழிலாளர் குடும்பங்கள் கோடையைக் கழிக்கும் விதம்

ஆகஸ்டு மாதம் பிறக்கும் சமயத்தில் வருகிற சனிக்கிழமை என்றால் பிரான்ஸ் நாட்டுப் போக்குவரத்துப் போலீஸாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஜூலையில் விடுமுறைக்குப் போனவர்கள் அன்று வீடு திரும்புகிறார்கள். ஆகஸ்டு லீவுக்காரர்கள் அன்றுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி நாடு முழுவதிலும் சேர்த்து 600 கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகள் நகர முடியாமல் நின்றன. ஏறத்தாழ சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை கார்களை வரிசையாக நிறுத்தியது போல!

மறு ஆண்டே அரசாங்கம் விழித்துக்கொண்டது. எந்தத் தேதியில் எந்தச் சாலையில் நெரிசல் இருக்கும் என்று முன்கூட்டியே மக்களுக்குச் சொல்ல 1976இல் ஒரு சேவையைத் தொடங்கியது. நெரிசல் இல்லாத நாளுக்குப் பச்சை. பிறகு ஆரஞ்சு, சிவப்பு. மிக மோசமான நாளுக்குக் கறுப்பு. இன்றும் வீடுகளில் இந்த வர்ணங்களைப் பார்த்துத்தான் புறப்படும் நாளைக் குறிக்கிறார்கள். நாம் பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் சீமான்கள் மட்டுமல்ல, பஸ் டிரைவர், தபால்காரர், நர்ஸ், பள்ளி ஆசிரியர், ஆபீஸ் குமாஸ்தா என்று எல்லோரும் இருப்பார்கள். காரின் பின்புறம் சைக்கிள்கள், டிக்கியில் மடித்த கூடாரம், பாய், அடுப்பு, பாத்திரம். பிள்ளைகள் மடியில் காற்றடிக்கும் ரப்பர் மிதவை. போகிற இடம் பெரிய ஓட்டல் அல்ல. கிராமத்துப் பக்கம் ஏதோ ஓர் ஆற்றங்கரை, ஏரிக்கரை. அங்கே கூடாரம் அடித்து இரண்டு வாரம், மூன்று வாரம் தங்கித் தண்ணீரில் ஆடிவிட்டு வருவார்கள்.

மாதச் சம்பளக்காரனுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகிறது? அதற்கு லீவு எங்கிருந்து கிடைத்தது? நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அதில்தான் இருக்கிறது.

1936: வேலைநிறுத்தம் தந்த விடுமுறை

1936க்கு முன் பிரான்சில் பெரும்பாலான ஆலைத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு லீவு என்பதே கிடையாது. அரசாங்க அலுவலர்களுக்கும் இன்னும் சில வகையினருக்கும் இருந்தது. மற்றவர்களுக்கு வேலை செய்யாத நாள் பட்டினி நாள். கடலையே பார்க்காமல் கிழவர்களாகிப் போன தொழிலாளிகள் ஏராளம்.

அந்த ஆண்டு மே மாதம் 'மக்கள் முன்னணி' தேர்தலில் வென்றது. புதிய அரசாங்கம் பதவி ஏற்பதற்குள்ளாகவே நாடெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. சுமார் 20 லட்சம் பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஆலைகளை விட்டு வெளியேறாமல் இயந்திரங்களின் பக்கத்திலேயே படுத்து உறங்கினார்கள். ஜூன் 7ஆம் தேதி பிரதமர் லியோன் புளூம் முதலாளிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். சம்பள உயர்வுக்கும் சங்க உரிமைக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த மாதம் 20ஆம் தேதி லீவுச் சட்டம் வந்தது. ஒரு வருஷம் வேலை செய்தவனுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை!

லீவு வந்துவிட்டது, சரி. கையில் காசு வேண்டாமா? அதற்கு வழி செய்தவர் லியோ லாக்ராஞ்ச் என்ற 35 வயது இளைஞர். விளையாட்டு, ஓய்வுத் துறைக்குப் பொறுப்பாளராக அந்த அரசாங்கத்தில் நியமிக்கப்பட்டவர். அன்று பிரான்சில் ரயில்களைப் பல கம்பெனிகள் ஓட்டிக்கொண்டிருந்தன. அவர்களோடு பேசி, லீவில் போகிற தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் 40 சதவீதம் தள்ளுபடியில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். 1936 ஆகஸ்டு மாதத்தில் டிக்கெட் கவுண்டர்களில் கூட்டம் அலைமோதியது. அந்த ஆண்டு ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அந்த டிக்கெட்டில் பயணம் செய்தார்கள். அடுத்த ஆண்டு அது 9 லட்சத்தைத் தொட்டது. டிக்கெட்டுக்கு லாக்ராஞ்சின் பெயரே நிலைத்துவிட்டது. ரயில்வேயில் வேலை செய்யும் எவனுக்கும் அந்தக் கணக்கைப் படித்தால் மெய்சிலிர்க்கும். ரயில் டிக்கெட் ஒன்று ஒரு வர்க்கத்துக்கே கடலைக் காட்டியது!

முதல் வருஷம் பலர் செய்தது என்ன தெரியுமா? நம்மவர்களைப் போலவே சொந்த கிராமத்துக்குப் போனார்கள். தாய் தகப்பனைப் பார்த்தார்கள். இன்னும் பலர், இளைஞர்கள், இருவர் மிதிக்கும் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஆறும் கடலும் தேடிப் போனார்கள். ஓட்டலுக்குக் கொடுக்கக் காசு இல்லாதவனுக்குக் கூடாரம் கைகொடுத்தது. கூடாரம் அடித்துத் தங்குவது அதற்கு முன் வசதி படைத்த சிலரின் பொழுதுபோக்கு. பிரெஞ்சு முகாம் கழகம் 1910இலேயே தோன்றிவிட்டது. 1936க்குப் பிறகுதான் அது ஏழையின் ஓட்டல் ஆயிற்று.

கடற்கரை மாளிகைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. தொழிலாளியின் துணித் தொப்பியைச் சொல்லிக் கேலி செய்தார்கள். லாக்ராஞ்சின் துறையைச் 'சோம்பேறித்தனத்தின் அமைச்சகம்' என்று ஏசினார்கள். அந்தச் 'சோம்பேறித்தனத்தின் அமைச்சர்' போர் வந்தபோது ராணுவத்தில் தாமாகச் சேர்ந்து, 1940 ஜூன் 9ஆம் தேதி போர்முனையில் உயிர் நீத்தார். வயது 39.

அதே கோடையில் புதுச்சேரியில்...

இந்தக் கதையில் தமிழனுக்கும் ஓர் இடம் உண்டு. பாரிசில் தொழிலாளர்கள் முதல் விடுமுறைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே நாள்களில், அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் ஆலைக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வந்தவர்கள் அவர்கள். வேலை நேரத்தைக் குறையுங்கள், சங்கம் வைக்க விடுங்கள் என்று கேட்டார்கள்.

1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சிந்தியக் காவல் படை துப்பாக்கியால் சுட்டது. 12 பேர் மாண்டார்கள். செய்தி பாரிஸ் வரை போயிற்று. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிசுக்கே போய் நியாயம் கேட்டார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கிடைத்தன. ஜூலை 30ஆம் நாள் இன்றும் புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

ஒரே ஆட்சி, ஒரே கோடை. அங்கே ரயில் டிக்கெட், இங்கே துப்பாக்கிக் குண்டு! ஆற்றங்கரைக் கூடாரத்தைப் பார்த்து 'வெள்ளைக்காரன் உல்லாசம்' என்று நாம் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அதுவும் கேட்டு வாங்கிய உரிமை. இதுவும் கேட்டு வாங்கிய உரிமை. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் இன்று பிரான்சில் வேலை செய்கிறார்கள். அந்த லீவு அவர்களுக்கும் உண்டு.

லீவை விற்க முடியாது

இரண்டு வாரமாகத் தொடங்கிய லீவு 1956இல் மூன்று வாரம் ஆனது, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. இன்றைய கணக்கு இது: மாதம் ஒன்றுக்கு இரண்டரை வேலை நாள் வீதம் லீவு சேரும். வருஷத்துக்கு 30 நாள். அதில் குறைந்தது 12 வேலை நாளாவது ஒரேயடியாகத் தொடர்ந்து எடுத்தாக வேண்டும். அதை மே 1ஆம் தேதிக்கும் அக்டோபர் 31ஆம் தேதிக்கும் இடையில் எடுக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம் நமக்கு வியப்பாக இருக்கும். அங்கே வேலையில் இருக்கும் வரை இந்தச் சட்டப்படியான லீவுக்குப் பதிலாகப் பணம் வாங்க முடியாது. முதலாளி கொடுத்தாலும் சட்டம் ஏற்காது. வேலையை விட்டுப் போகும்போதுதான் மிச்ச லீவுக்குப் பணம். லீவில் இருக்கும்போது வேறு இடத்தில் கூலிக்கு வேலை பார்ப்பதும் கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? லீவு என்பது சம்பளத்தின் இன்னொரு வடிவம் அல்ல. உடம்புக்கும் குடும்பத்துக்கும் சேர வேண்டிய நேரம் என்பது அந்தச் சட்டத்தின் கருத்து.

செலவுக்கும் வழி இருக்கிறது. 1982இல் 'விடுமுறைச் சீட்டு' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். தொழிலாளி மாதா மாதம் கொஞ்சம் போடுகிறான். நிறுவனம் தன் பங்காகக் கொஞ்சம் போடுகிறது. கோடை வரும்போது அது 10, 20, 25, 50 யூரோ சீட்டுகளாகக் கைக்கு வருகிறது. முகாமிலும் ரயிலிலும் உணவகத்திலும் அது செல்லும். நம் ஊரில் தீபாவளிக்குச் சீட்டுப் போடுவது போலத்தான். வித்தியாசம், சீட்டில் ஒரு பங்கை முதலாளி கட்டுகிறார் என்பதுதான்! ரயிலிலும் லாக்ராஞ்ச் டிக்கெட்டின் வாரிசு ஒன்று பிழைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை லீவுப் பயணத்துக்கு 25 சதவீதம் தள்ளுபடி.

தொழிலாளர்கள் தாங்களாகவே முகாம் நடத்துவதும் உண்டு. 1937இல் ஆசிரியர்கள் கூடி ஒரு முகாம் சங்கம் தொடங்கினார்கள். அதன் முகாம்களை உறுப்பினர்களே முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மின்சாரமும் எரிவாயுவும் 1946இல் நாட்டுடைமை ஆனபோது, விற்பனை வருமானத்தில் 1 சதவீதம் ஊழியர் நலனுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அந்தப் பணத்தில் மின்வாரிய ஊழியர்கள் தங்கள் குடும்பங்களுக்கென்று மலையிலும் கடலோரத்திலும் முகாம்கள் அமைத்து நடத்தினார்கள்.

முகாம் வாழ்க்கை

நாட்டில் இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. ஒரு நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் உண்டு. ஊராட்சியே நடத்தும் எளிய முகாம் ஒன்றில், நான்கு பேர் குடும்பம் கூடாரம் போட ஓர் இரவுக்கு 20 யூரோ முன்பின்னாக ஆகும். யூரோ ஒன்று நம் கணக்கில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். ஐந்து நட்சத்திர முகாமில், ஆகஸ்டு மாதத்தில், சக்கர வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தால் வாரத்துக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டிவிடும். விரலுக்குத் தக்க வீக்கம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலிச்செடி வைத்துப் பிரித்த ஒரு துண்டு நிலம். மரத்தடியில் கூடாரம். பக்கத்தில் மடக்கு மேஜை, நாற்காலி. மின்சாரம் வேண்டுமானால் ஆம்பியர் கணக்கில் வாடகை! 6 ஆம்பியர் இணைப்பு வாங்கியவர் மின் அடுப்பையும் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டால் பீஸ் போய்விடும். பிறகு அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

குளியலறை, கழிப்பறை, பாத்திரம் துலக்கும் தொட்டி எல்லாம் பொது. சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்டிக் டப்பில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஆண்களே தொட்டிக்குப் போவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அங்கே தட்டுக் கழுவும்போதுதான் இன்ஜினீயரும் பிட்டரும் அறிமுகம் ஆகிறார்கள். முதல் நாள் மாலையே எத்தனை ரொட்டி வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் காலையில் சுடச்சுட நீளரொட்டி வந்துவிடும். அதை வாங்கி வருவது பிள்ளைகளின் வேலை. மாலையில் பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். பெரும்பாலான முகாம்களில் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

துடுப்புப் பிடிக்கும் பிள்ளைகள்

ஆனால் பிள்ளைகள் வருவது ரொட்டிக்காக அல்ல, தண்ணீருக்காக. அதற்குப் பெயர் பெற்றது தெற்கே ஓடும் ஆர்டேஷ் ஆறு. வல்லோன் என்ற ஊருக்கு அருகே ஆறு பாறையைக் குடைந்து ஓர் இயற்கை வளைவை உண்டாக்கி இருக்கிறது. 50 மீட்டருக்கு மேல் உயரம். அந்தக் கல் தோரண வாசலின் கீழே படகில் போவது ஒவ்வொரு பிள்ளைக்கும் கனவு.

நம் ஒகேனக்கல் பரிசல் வட்டமானது. இந்தப் படகு நீளமாக, ஒடுங்கலாக, இரண்டு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும்படி இருக்கும். ஆளுக்கு ஒரு துடுப்பு. துண்டையும் சாப்பாட்டையும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பீப்பாயில் வைத்து மூடிப் படகில் கட்டிவிடுகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் 8 கிலோமீட்டர் போய் இறங்கிக்கொள்வார்கள். முழுப் பள்ளத்தாக்கையும் பார்க்க வேண்டுமானால் 32 கிலோமீட்டர். இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். சில இடங்களில் 300 மீட்டர் உயரம். இரண்டு நாளில் போகிறவர்கள் இடையில் அனுமதிக்கப்பட்ட இரண்டு இடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். அதற்கும் முன்பதிவு வேண்டும். 1980 முதல் அது பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சரணாலயம். முடிகிற இடத்தில் வேன் காத்திருந்து ஆளையும் படகையும் திரும்ப ஏற்றி வந்துவிடும்.

கல் வளைவுக்கு அருகேதான் 1994 டிசம்பரில் ஷோவே குகை கண்டுபிடிக்கப்பட்டது. 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சிங்கமும் காண்டாமிருகமும் குதிரையும் அதன் சுவர்களில் வரையப்பட்டுள்ளன. மனிதர் மூச்சுக்காற்றுப் பட்டால் சித்திரம் அழியும் என்பதால் அசல் குகைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. 2015இல் அதே போல ஒரு மாதிரிக் குகை கட்டித் திறந்தார்கள். காலையில் படகு, மாலையில் குகை என்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் இரண்டு பாடம்.

வேகமான ஆறு பயமாக இருக்கிறதா? தென்மேற்கே தோர்தோஞ் ஆறு இருக்கிறது. கோடையில் அமைதியாக ஓடும். இரு கரைக் குன்றுகளிலும் கோட்டைகள். பெனாக், காஸ்தெல்னோ என்ற இரண்டு கோட்டைகள் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றொன்று ஆங்கிலேயர் பக்கம். சரித்திரப் புத்தகத்தில் படித்ததைப் படகில் இருந்தபடியே அப்பா காட்டுகிறார்.

துடுப்புப் போடவே வேண்டாம், மிதந்தால் போதும் என்பவர்களுக்கு ஏரிகள். தென்கிழக்கே வெர்தோன் ஆற்றின் குறுக்கே அணை கட்டி உருவானது சாந்த் குரோவா ஏரி. சைக்கிள் போல மிதிக்கும் படகும் மின்சாரப் படகும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பெட்ரோல் மோட்டார் கூடாது. அந்தப் பச்சைத் தண்ணீருக்கு அடியில் ஒரு சோகம் இருக்கிறது. 1970களில் அணை நிரம்பியபோது லே சால் என்ற கிராமத்தைக் கோயிலோடு இடித்து மூழ்கடித்தார்கள். மேட்டில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள். இன்று பிள்ளைகள் குதித்து விளையாடும் இடத்தில் யாரோ ஒருவரின் வயலும் வாசலும் இருந்தன.

தண்ணீரோடு விளையாட்டு வேண்டாம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் மூத்தோர் வாக்கு. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர்டேஷ் ஆற்றில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படகில் ஏற்றக் கூடாது. ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே நீச்சல் பாடம் உண்டு. முகாமுக்குக் கூட்டமாக அழைத்துப் போகும் பிள்ளைகளைப் படகில் ஏற்றுமுன் சோதனை வைக்கிறார்கள். தண்ணீரில் குதிக்க வேண்டும், மல்லாந்து மிதக்க வேண்டும், 20 மீட்டர் நீந்த வேண்டும். தேறினால்தான் துடுப்பு.

காவல் உள்ள நீர்க்கரைகளில் கொடி பறக்கும். பச்சை என்றால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் அபாயம் உண்டு, ஆனால் காவலர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. தனியார் நீச்சல் குளங்களுக்கு வேலியோ மூடியோ எச்சரிக்கை மணியோ வைக்க வேண்டும் என்று 2003இல் சட்டம் போட்டார்கள். இத்தனைக்கும் பிறகும் ஒவ்வொரு கோடையிலும் அங்கே நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். தண்ணீருக்குச் சட்டம் தெரியாது.

பாடங்கள் சில உயிர் கொடுத்துக் கற்றவை. 1987 ஜூலை 14, பிரான்சின் தேசியத் திருநாள். ஆல்ப்ஸ் மலையில் லெ கிராண்-போர்னான் என்ற ஊரில் ஓடைக்கரை முகாம். மலையில் கொட்டிய மழையால் ஓடை திடீரென்று பொங்கிக் கூடாரங்களை வாரிக்கொண்டு போயிற்று. 23 உயிர்கள் பலி. அதன் பிறகு 1994இல் விதி வந்தது. வெள்ள அபாயப் பகுதியில் உள்ள ஒவ்வொரு முகாமும் எச்சரிக்கை கொடுப்பது எப்படி, ஆள்களை வெளியேற்றுவது எப்படி என்று எழுதிய பாதுகாப்புப் புத்தகம் வைத்திருக்க வேண்டும்.

2022 ஜூலையில் வேறு விதமான சோதனை. மேற்குக் கடலோரத்தில் பிலா மணற்குன்றின் அடியில் காடு தீப்பிடித்தது. ஐந்து முகாம்களில் இருந்த சுமார் 6,000 பேரை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். முகாம்கள் எரிந்து போயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை! அதே கோடையில் வறட்சியால் வெர்தோன் ஏரியில் நீர் இறங்கி, பள்ளத்தாக்குக்குள் படகு போக முடியாமல் ஆயிற்று. பூமி சூடாவதைக் கூடாரத்தில் இருப்பவனே முதலில் உணர்கிறான்.

போக முடியாதவர்கள்

எல்லாரும் போகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து வாரம் லீவு இருந்தும் பத்துப் பேரில் நாலு பேருக்கு வெளியூர் விடுமுறை வாய்ப்பதில்லை. வாடகையும் கடனும் போக மிச்சம் இல்லை. ஊராட்சிகள் நடத்திய எளிய முகாம்கள் பல, தனியார் கைக்குப் போய்விட்டன. கூடாரம் இருந்த இடத்தில் சக்கர வீடு. சக்கர வீட்டுக்கு ஏற்ற வாடகை. முகாமில் கழிப்பறை கழுவுகிறவருக்கும் சமைக்கிறவருக்கும் கோடைதான் பிழைப்புக் காலம்; அவர் லீவு எடுப்பது எப்போது?

இதையும் அந்தச் சமூகம் கண்டும் காணாமல் விடவில்லை. 'மக்கள் உதவி' என்ற தொண்டு நிறுவனம் 1979 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும், விடுமுறைக்கே போகாத பிள்ளைகளை ஒரு நாளாவது கடலுக்கும் ஏரிக்கும் அழைத்துப் போகிறது. பாரிஸ் மாநகராட்சி 2002 முதல் கோடையில் சேன் நதிக்கரையையே கடற்கரை போல மாற்றுகிறது. அந்த நதியில் குளிக்க 1923 முதல் தடை இருந்தது. பெரும் பணம் செலவிட்டு நீரைச் சுத்தம் செய்து 2025 ஜூலை 5ஆம் தேதி மூன்று இடங்களில் மக்கள் இறங்கி நீந்த விட்டார்கள். கட்டணம் கிடையாது. ஊருக்குப் போக முடியாத பாரிஸ்காரனிடம் ஊரே வந்துவிட்டது!

நம் லீவு எங்கே போகிறது?

இனி நம் கணக்கைப் பார்ப்போம். தாராவியிலும் கல்யாணிலும் இருக்கிற நம்மவர்களின் லீவு பெரும்பாலும் எதில் கரைகிறது? கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சாவு. அறுபது நாள் முன்னதாக விழித்திருந்து டிக்கெட் எடுத்து, இரண்டு இரவு ரயிலில் கசங்கி, ஊரில் நாலு நாள் உறவினர் வீடுகளுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்தால், லீவு முடிந்ததே தவிர ஓய்வு கிடைத்ததில்லை. இதைக் குறை சொல்வதற்கில்லை. சொந்த பந்தத்தை விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கு அந்த நாலு நாள்தான் வேர். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளியும் அதைத்தானே செய்தான்?

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களோ லீவைச் சேர்க்கிறார்கள். ஓய்வு பெறும்போது 300 நாள் வரை ஈட்டிய விடுப்பைக் காசாக்கலாம் என்பதால், பிள்ளைகள் சின்ன வயதில் இருக்கும்போது எடுக்க வேண்டிய லீவு அறுபது வயதில் காசோலையாக வருகிறது. அந்தக் காசோலை மகள் கல்யாணத்துக்கு உதவும், உண்மைதான். ஆனால் மகளுக்குப் பத்து வயதில் ஆற்றைக் காட்டியிருக்க வேண்டிய நாளை அது திருப்பித் தராது. ஒப்பந்தக் கூலிகளாகவும் கடைகளிலும் பட்டறைகளிலும் தினக்கூலிகளாகவும் இருக்கிற நம்மவர்கள் பலருக்கு இந்தக் கவலையும் இல்லை. ஏனென்றால் சம்பளத்தோடு லீவே இல்லை! அவர்கள் நிலை இன்றும் 1936க்கு முற்பட்ட பிரெஞ்சுக்காரன் நிலைதான். கேட்காமல் அது யாருக்கும் வந்ததில்லை என்பதைச் சவானா மில் தொழிலாளர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று. கிராமத்தில் பிறந்த தகப்பன்மார் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். அவர்கள் பிள்ளைகள் மும்பையின் பத்தடி அறையில் வளர்கிறார்கள். கோடையில் ஊருக்குப் போனதும் ஆற்றைக் கண்ட ஆவலில் இறங்குகிறார்கள். நீச்சல் தெரியாது, சுழி தெரியாது. ஒவ்வொரு மே மாதமும் பத்திரிகையில் அந்தச் சோகச் செய்தியைப் படிக்கிறோம்.

பிரான்ஸ் போக வேண்டாம். ஐந்து நட்சத்திர முகாமும் வேண்டாம். மும்பை மாநகராட்சிக்கு தாதரிலும் செம்பூரிலும் காந்திவிலியிலும் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. பள்ளி விடுமுறை தொடங்கும் முன்பே விசாரித்துப் பிள்ளையைச் சேர்த்துவிடலாம். பெண் பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எழுதுகிற லீவு விண்ணப்பத்தில் இரண்டு நாள் கூட்டி எழுதுங்கள். அந்த இரண்டு நாளை எந்த விசேஷத்துக்கும் கொடுக்காமல், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, மனைவி மக்களோடு ஆழமில்லாத ஆற்றங்கரை ஒன்றில் உட்காருங்கள். நீந்தத் தெரிந்த தகப்பன் முதலில் இறங்கி ஆழம் பார்க்கட்டும். பிள்ளைகள் பிறகு இறங்கட்டும்.